மழைக்குப் பின் வீட்டுக்குள் வரும் பாம்பு, உடும்பு, கூகை: ஏன் வருகின்றன, என்ன செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலூர், புதுச்சேரி பக்கத்துச் செய்திகளில் தவறாமல் இவையும் இருக்கும்: குடியிருப்புக்குள் நல்ல பாம்பு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சாரை, கொல்லைப்புறத்தில் உடும்பு. கூடவே கேள்விகளும் வரும். பாம்பை அடித்தால் ஜெயிலா? நாமே பிடித்து ஏரிக்கரையில் விட்டால் அதுவும் தப்பா? பாம்புக்கடியை 'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' என்று அரசு சொன்னதே, அது தொற்றுநோயா என்ன?

வாட்ஸ்அப்பில் இதற்கெல்லாம் கிடைக்கும் பதில்களில் பாதி தவறு. சில உயிரையே வாங்கக்கூடியவை. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் நிலம்

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகள் கடலைத் தொடும் மாவட்டம் கடலூர். வீராணம், பெருமாள் ஏரி என்று பெரிய நீர்நிலைகள் வேறு. புதுச்சேரி பக்கம் சங்கராபரணி ஆறு, ஊசுடு ஏரி, பாகூர் ஏரி. நடுவில் நெல்வயல், கரும்பு, சவுக்கு, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும். வயல் வரப்பு முழுக்க எலி வளை. எலி வளைதான் பாம்புக்கு வீடு.

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அந்த வளைகளில் தண்ணீர் நிறைந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. அப்படிப்பட்ட நேரத்தில் எலி, தவளை, பாம்பு, உடும்பு எல்லாமே மேட்டைத் தேடும். சுற்றிலும் வயல் இருக்கும் ஊரில் மேடு என்பது ரோடும், கோயில் திட்டும், மண் அடித்து உயர்த்திக் கட்டிய நம் வீடும்தான்.

மரங்களில் வாழ்பவற்றுக்கும் இது பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பகுதியின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பழைய மரம் போனால் பொந்தும் போகும். பொந்து கிடைக்காத மரநாயும் கூகை ஆந்தையும் ஓட்டு வீட்டுப் பரணையும் பூட்டிக் கிடக்கும் மாடி அறையையும்தான் தேடி வரும்.

மழை இல்லாத நாளிலும் ஏன் வருகின்றன?

1. சாப்பாடு. நெல் மூட்டை, கோழித் தீவனம், முந்திரிக் கொட்டை, மூடாத குப்பை இவற்றுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். வாசல் விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளையும் பல்லியும், அவற்றைத் தேடியும் பாம்பு.

2. மறைவிடம். அடுக்கி வைத்த செங்கல், தென்னை மட்டைக் குவியல், விறகுக் கட்டு, வைக்கோல் போர், கழற்றிப் போட்ட பழைய கதவு.

3. தண்ணீர். சித்திரை வெயிலில் குளியலறைக் குழி, துணி துவைக்கும் கல், செடித் தொட்டி.

இந்த மூன்றும் இருக்கிற வரை, வந்த பாம்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். தோட்டத்தில் எலி தின்றுகொண்டிருந்த சாரையை அடித்துவிட்டால் எலி பெருகும். பெருகிய எலிக்கு அடுத்து வருவது நல்ல பாம்பாகவும் இருக்கலாம். சாரைக்கு விஷமே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்று எவ்வளவு நஷ்டம் என்று புரியும்.

சரி, பாம்பு வராமல் இருக்கப் பினாயில், பூண்டுத் தண்ணீர், உப்பு, பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய் தெளிக்கலாமா? இவற்றில் எதையும் நம்ப முடியாது. கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடைப்பதும், சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை வைப்பதும், செங்கல் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பதும்தான் பலன் தரும்.

எது ஆபத்து, எது இல்லை?

நம் ஊர்ப் பக்கம் உயிருக்கு ஆபத்தாக முடியும் பாம்புக்கடியில் பெரும்பகுதிக்கு நான்கு பாம்புகள்தான் காரணம்.

நல்ல பாம்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது எப்போதும் படம் எடுத்துக்கொண்டே இருக்காது. படம் இல்லாமல் ஓடும்போது சாரை என்று நினைத்துக் கையை வைப்பவர்கள் உண்டு.

கண்ணாடி விரியன் பருத்த உடம்பும் முக்கோணத் தலையும் உடையது. முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி போட்டதுபோல் வட்டங்கள் இருக்கும். மிரண்டால் குக்கர் விசில் வருவதற்கு முன் கேட்கும் சத்தம் மாதிரி நீளமாகச் சீறும். வயலில், வைக்கோலில் அசையாமல் கிடக்கும். கிட்டே போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. மண்ணுளிப் பாம்பையும் குட்டி மலைப்பாம்பையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பம் எந்தப் பக்கம் நடந்தாலும் கெடுதல்தான். விரியனை மண்ணுளி என்று எண்ணித் தூக்கினால் மனிதருக்கு ஆபத்து, மண்ணுளியை விரியன் என்று எண்ணினால் அதற்கு.

சுருட்டை விரியன் சின்னது, ஒன்று ஒன்றரை அடிதான். வறண்ட, கல்லும் முள்ளுமான நிலத்தில் இருக்கும். செதிலோடு செதில் உரசி 'சரசர' என்று சத்தம் எழுப்பும்.

நான்காவது கட்டுவிரியன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குள் தூங்குபவர்களைக் கடிப்பது இதுதான். பகலில் எலி வளையிலோ செங்கல் இடுக்கிலோ சுருண்டு கிடக்கும். தொட்டால்கூடத் தலையை மறைத்துக்கொள்ளும். இரவில் நேர்மாறாகச் சுறுசுறுப்பாகிவிடும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது அதன் மேல் கை பட்டால் கடிக்கும். பல் மிகச் சிறியது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடித்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, அப்புறம் கண் இமை தானாக இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். வயிறு கெட்டுவிட்டது என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கத் தொடங்கியிருக்கும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் காரணமில்லாமல் வயிற்று வலியும் இமைத் தொய்வும் சேர்ந்து வந்தால், பாம்பைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இந்த ஒரு செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று தோன்றுகிறது.

கட்டில் வசதி இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுப்பதே பெரிய காப்பு. ஒரு வலையின் விலையில் கொசுவும் போகும், கட்டுவிரியனும் நெருங்காது.

இதே கட்டுவிரியன் என்று எண்ணி ஜனங்கள் அதிகம் அடித்துக் கொல்வது வெள்ளிக்கோல் வரையனை. விஷமில்லாதது. பல்லி பிடிக்கச் சுவர் ஏறி ஜன்னல் சட்டத்தில் சுருண்டிருக்கும். தூரத்தில் நின்றே வித்தியாசம் பார்க்கலாம். கட்டுவிரியன் பளபளக்கும் கருப்பு. வெள்ளைக் கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும், கழுத்துப் பக்கம் மங்கலாகத் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும். வரையன் பழுப்பு நிறம். பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வால்பக்கம் மங்கும். ஆனாலும் இதை வைத்துக்கொண்டு கையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரமேறும், அடிபட்ட பாம்பு பழிவாங்க வரும் என்பதெல்லாம் கதை. கொம்பேறி மூக்கன் நமக்கு ஒன்றும் செய்யாது. பச்சைப்பாம்புக்கு லேசான விஷம் உண்டு, அது பல்லி, ஓணானுக்கானது.

பாம்பு வீட்டுக்குள் இருக்கிறது: வரிசையாக என்ன செய்வது?

1. குழந்தைகளையும் நாய், பூனையையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பாம்புக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஆறேழு அடி விடுங்கள்.

2. ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். பிடிக்க வருபவருக்கு 'எங்கேயோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போச்சு' என்பதைவிடப் பெரிய சிக்கல் கிடையாது.

3. வெளியே போகும் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளறைக் கதவுகளை மூடி, அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வையுங்கள். பல நேரம் அது தானே வெளியே போய்விடும்.

4. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 101, 112 இரண்டும் உதவும்.

5. கம்பு எடுக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்குபவர்கள் நிறைய. வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

யூடியூப் பார்த்துவிட்டுத் தைரியமாக வாலைப் பிடிக்கும் இளைஞர்களைப் பற்றிப் பயமாக இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் கொக்கியும் பையும் வைத்துக்கொண்டு, தலைப் பக்கம் கை போகாமல் வேலை செய்கிறார்கள். செல்ஃபிக்காகக் கழுத்தில் போட்டுக்கொள்பவரை வீட்டுக்கு அழைக்காதீர்கள், அவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் சரி.

கடித்துவிட்டால்

கடிபட்ட கை காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் ஒரு கட்டையை வைத்து நிலைப்படுத்துங்கள். மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அவை இறுக்கிவிடும். 108க்குச் சொல்லுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.

கயிறு கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று கையே அழுகலாம். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காமல் மருத்துவமனையில் அவிழ்க்கச் சொல்லுங்கள். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மிளகு கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது, பச்சிலை கட்டுவது எல்லாமே நேரத்தைத் தின்பவை. விஷம் ஏறாத கடியில் பச்சிலை 'பலித்துவிடும்', அந்தப் பெயரை நம்பி அடுத்தவர் உயிர் போகும்.

பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும், அறிகுறிகளைப் பார்த்தும், சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்த்தும் மருத்துவர் முடிவெடுப்பார்.

அந்த மருந்துக்குப் பின்னால் நம் மண்ணின் ஆட்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறது. அந்த விஷத்தைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள்.

கடலூர்க் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வலையில் வரும் கடல்பாம்புகளும் கடும் விஷமுள்ளவை. இந்த மருந்து அவற்றுக்கு வேலை செய்யாது. மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் துணை செய்யும் சிகிச்சைதான் வழி என்பதால், செயற்கை சுவாச வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். வலையிலிருந்து வெறுங்கையால் எடுத்து வீசும் பழக்கம் ஆபத்தானது.

'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' என்றால்?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939ன்கீழ் பாம்புக்கடியை அப்படி அறிவித்தது. பாம்புக்கடி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று அதற்குப் பொருள் இல்லை. அரசு, தனியார் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் ஒவ்வொரு கடியையும், ஒவ்வொரு மரணத்தையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கணக்கு? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. மருத்துவமனைப் பதிவேடுகளில் ஏறியது இதில் சிறு பங்குதான். பலர் வீட்டிலேயே இறந்துவிடுகிறார்கள், அல்லது வழியில். எந்த வட்டாரத்தில் எந்த மாதம் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து வைப்பது, எங்கே செயற்கை சுவாசக் கருவி தேவை என்று திட்டமிட முடியும். உலக சுகாதார நிறுவனம் 2017லேயே பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசு 2024 மார்ச்சில் கொண்டுவந்த செயல்திட்டம், 2030க்குள் இறப்பைப் பாதியாக்க வேண்டும் என்கிறது. பதிவு இல்லாமல் பாதியானதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அடித்தால் ஜெயிலா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. 2022ல் திருத்தப்பட்டு, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரினங்களைப் பட்டியலிடும் ஆறு அட்டவணைகள் நான்காயின. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, உடும்பு, மயில் இவை முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன.

இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் கிடையாது. பிடிப்பதும், பொறி வைப்பதும், பறவை முட்டையையும் கூட்டையும் சிதைப்பதும் வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினமென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆகவே 'நான் காப்பாற்றத்தான் பிடித்தேன்' என்பதற்கும் அனுமதி தேவை. பிடித்ததை நாலு நாள் டப்பாவில் வைத்து அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவது தெளிவான குற்றம். வெகுதூரம் கொண்டுபோய் விடுவதும் நல்லதாக முடியாது. பழக்கமில்லாத இடத்தில் பாம்புக்கு ஒளிய வழி தெரியாது, அலைந்து பெரும்பாலும் சாகும். அங்கிருக்கும் மனிதர்களுக்கும் அது தொல்லை.

அதே சமயம் பயப்பட வேண்டியதும் இல்லை. 11வது பிரிவு, தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு வனவிலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமாகாது என்கிறது. தொட்டிலுக்கு அருகே படமெடுத்த பாம்பு அந்த வகை. வேலியோரம் போய்க்கொண்டிருந்ததைத் துரத்தி அடிப்பது அந்த வகையில் வராது.

மற்ற விருந்தாளிகள்

உடும்பு கடிக்கவோ நகத்தால் கீறவோ செய்யும், ஆனால் வழி விட்டால் ஓடிவிடும். மூலையில் அடைக்காதீர்கள். பரணில் இரவு தடதடவென்று ஓடுவது பெரும்பாலும் மரநாய். பகலில் தூங்கும், அந்தி சாய்ந்ததும் வெளியே போகும். வெளியே போன பிறகு ஓட்டுச் சந்தை அடைக்கலாம், ஆனால் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும்.

குரங்கு, கீரி, மரநாய், நரி கடித்தாலோ கீறினாலோ வெறிநோய் அபாயம் உண்டு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு, உடும்பு, பறவையிடமிருந்து வெறிநோய் வராது.

கூகை பாவம், அபசகுனம் என்று பேர் வாங்கிய பறவை. பூட்டிய மாடி அறையில் நள்ளிரவில் 'உஸ்ஸ்' என்று நீளமாகச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் இரை கேட்கும் கூகைக் குஞ்சுகள். இதய வடிவில் வெள்ளை முகமும், உடம்பெல்லாம் பஞ்சுமாக மூலையில் ஒண்டியிருக்கும். கூகைக்குப் பிரதான உணவே எலிதான். குஞ்சுகளுக்காகப் பெற்றவை இரவெல்லாம் எலி கொண்டுவரும். சில வாரம் பொறுத்தால் பறந்துவிடும். நெல் விளையும் ஊரில் இதைவிட உபயோகமான குடித்தனக்காரர் கிடைக்க மாட்டார்.

மரத்திலிருந்து விழுந்த குஞ்சு விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது, தாய் அருகிலேயே இருக்கும். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு ஒதுங்குங்கள். இறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கிளிக் குஞ்சு கிடைத்தது என்று கூண்டில் வளர்ப்பதும் இதே சட்டப்படி குற்றம்.

எந்த ஊர் எல்லை?

கடைசியாக, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடை, கிருமாம்பாக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. பாகூர்ப் பக்கம் வயலுக்கு வயல் எல்லை மாறும். வனவிலங்குச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றே, ஆனால் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் வேறு வேறு. செல்போன் கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அழைப்பு போய்விடவும் வாய்ப்பு உண்டு. அதனால் போனை எடுத்தவுடன் எந்த மாநிலம், எந்தக் கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு) அல்லது தாலுகா, எந்தக் கிராமம் என்று சொல்லிவிட்டு, பிறகு பாம்பைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துத் தீயணைப்பு நிலைய எண்ணையும் வனத்துறை அலுவலக எண்ணையும் மழைக்கு முன்பே விசாரித்து, மின்சாரம் போனாலும் கண்ணில் படும்படி கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள்.